ஒன்பது புள்ளிச் சறுக்கு

பூங்காவின் சறுக்குமரத்தில் ஒருவர் வால் எலும்பை உடைத்துக்கொண்டால் நகராட்சி செய்யக்கூடிய காரியங்கள் இரண்டு உண்டு. ஒன்று, சறுக்குமரத்தைச் சரிசெய்வது. மற்றது, அதற்கென்று ஒரு வாரியம் அமைப்பது. முதலாவதைச் செய்தால் வேலை முடிந்துவிடும். முடிந்துபோகிற வேலைக்கு யாரும் மேசை நாற்காலி போட்டுத் தரமாட்டார்கள். ஆகவே வளைவு ஒப்புதல் வாரியம் பிறந்தது.

எலும்பை உடைத்துக்கொண்டவர் நகராட்சிப் பஸ் ஓட்டும் டிரைவர். ஆறு வயது மகள் சறுக்கின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அழுதபோது, இதில் என்ன பயம், அப்பாவைப் பார் என்று தானே சறுக்கிக் காட்டியவர். பழைய சறுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரு நேர்கோடு. தரை இன்னொரு நேர்கோடு. இரண்டும் சந்திக்கிற இடம் ஒடித்த குச்சி மாதிரி இருந்தது. அவருடைய உடம்பு தரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. எலும்பு மட்டும் அந்த ஒடிசலில் ஒரு கணம் தங்கிவிட்டது. அதன்பின் இரண்டு மாதம், நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணைமேல்தான் அவர் வாழ்க்கை நடந்தது. உட்கார்ந்தே பிழைக்கிற மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனையை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. மகளோ, பூங்கா இருக்கும் தெருவில் எதிர்ப்பக்கமாக நடக்கப் பழகிக்கொண்டாள்.

அவர் புகார் எழுதினார். புதுச் சறுக்கு வரைகிற வேலை, அதே நகராட்சியில் வரைவாளராக இருந்த அவர் மனைவியின் மேசைக்கே வந்து சேர்ந்தது.

அலுவலகத்தில் அவளுக்கு 'மௌனம் மேடம்' என்று பெயர். அவளிடம் ஒன்றைக் கேட்டால், பதில் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்பார்கள். அவள் என்னவோ பதிலைத்தான் யோசித்துக்கொண்டிருப்பாள். அதற்குள் உலகம் அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். கூட்டங்களில் இது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அவள் பேசாமல் இருந்த இடங்களில் எல்லாம் 'வரைவாளர் ஆமோதித்தார்' என்று குறிப்பில் ஏறியது. பத்து வருடத்தில் அந்த நகராட்சியில் அவள் அளவுக்கு ஆமோதித்தவர் வேறு யாரும் இல்லை.

சறுக்கை வரைய அவளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கணினியில் மேலே மேடைக்கு ஒரு நேர்கோடு, கீழே தரைக்கு ஒரு நேர்கோடு. இரண்டுக்கும் நடுவே ஸ்ப்லைன் என்கிற வளைகோடு. அது ஈரத்துணி மாதிரி. இழுத்த பக்கம் வரும். அதன் நுனியையும் நேர்கோட்டையும் சேர்த்துப் பிடித்துத் 'தொடுகோடு' என்ற பொத்தானை அழுத்தினால், சந்திக்கிற இடத்தில் இரண்டும் ஒரே திசையைப் பார்க்கும். ஒடிசல் இருக்காது. மேலே ஒரு தொடுகோடு, கீழே ஒரு தொடுகோடு. அதுவரை நீலமாக இருந்த கோடு, எல்லாம் நிச்சயமாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கறுப்பானது.

அன்று மாலை வீட்டில் அதை விளக்கியபோது டிரைவர் தலையணையில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினார். "இதத்தான நாங்க தினமும் பண்றோம். வளைவு வந்ததும் ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிச்சா நிக்கறவன் எல்லாம் உட்காந்திருக்கறவன் மடியில. ரோடு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே மெதுவா திரும்பணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம கல்யாணத்துக்கும் இப்படி ஒரு பொத்தான் இருந்திருக்கலாம்" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. ஆமோதித்ததாக அவர் எடுத்துக்கொண்டார்.

வாரியத்தின் முதல் கூட்டம் இரண்டாம் மாடியில், நீள மேசை போட்ட அறையில் நடந்தது. ஒன்பது உறுப்பினர்கள், ஒன்பது பெயர்ப்பலகைகள், ஒன்பது மூடிபோட்ட தண்ணீர் டம்ளர்கள். அவள் பெரிய திரையில் வளைவைக் காட்டினாள். நுனியைச் சொடுக்கி, மேடைக் கோட்டைச் சொடுக்கி, பொத்தானை அழுத்தினாள். வளைவு வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டும்போது மேடைக் கோடும் ஒரு மயிரிழை சாய்ந்துகொடுத்தது. மென்பொருளுக்குப் பெரியவர் சின்னவர் தெரியாது. இரண்டு பேரைச் சேர்த்துவைக்கச் சொன்னால் இரண்டு பேரையும் கொஞ்சம் நகர்த்தும்.

மேடைப் பிரிவு அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "என் கோடு அசைஞ்சுது சார். நான் கண்ணால பாத்தேன்."

இருபத்திரண்டு வருடச் சேவையில் தன் கோடு யாருக்காகவும் அசைந்ததில்லை என்றும், தொட வேண்டுமென்றால் வளைவுதான் வந்து தொட வேண்டும் என்றும், வந்து தொடுகிறவன்தான் சின்னவன் என்பது குழந்தைக்கும் தெரியும் என்றும் அவர் சொன்னார். தரைப் பிரிவு அதிகாரி விடுவாரா? தரை கீழே இருக்கிறது என்பதற்காக இளக்காரமா என்று கேட்டார். "மேல எவ்வளவு ஆட்டம் போட்டாலும் எல்லாரும் கடைசியில எங்கிட்டதான் வந்து சேரணும்" என்று அவர் சொன்னபோது, அறையில் சற்றுநேரம் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

முடிவில் இரண்டு கோடுகளும் இனி அசையாதபடி கணினியில் பூட்டுப் போடப்பட்டது. தொடுதல் இசைவுப் படிவம் என்று ஒன்று அச்சிடப்பட்டது. தொடுபவர், தொடப்படுபவர், தொடும் இடம், தொட வேண்டிய அவசியம் என்று அதில் நான்கு கட்டங்கள். இசைவு முப்பது நாளுக்குச் செல்லும். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் வளைவு தானாக விலகிக்கொள்ள வேண்டும். தொடுபவர் என்ற கட்டத்தில் வளைவின் சார்பாக அவள் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இரண்டு கோடும் பூட்டியிருந்தாலும் வளைவு அழகாகவே இருந்தது. அதைத்தான் வாரியத் தலைவர் கவனித்துவிட்டார்.

தலைவர் அதிகம் கோபப்படாதவர். மேசைமேல் இரு கைகளையும் கோத்து வைத்துக்கொண்டு, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் புரிகிற மாதிரி பேசுவார்.

"ரெண்டு முனைக்கும் ஆள் இருக்கு. சந்தோஷம். நடுவுல நாலு மீட்டர் இருக்கே, அதுக்கு யார் பொறுப்பு? அது பாட்டுக்குப் போகுது. அழகா வேற போகுது. ஒரு அரசாங்க வளைவு யாரையும் கேக்காம அழகா போச்சுன்னா, அப்புறம் நாம எதுக்குன்னு ஜனங்க கேப்பாங்க இல்லையா? வளைவு நல்லா இருக்கறது முக்கியம் இல்ல. நம்மளால நல்லா இருக்கணும்."

ஒன்பது பேரும் மேசையைத் தட்டினார்கள். ஆளுக்கு ஒரு புள்ளி என்று தீர்மானமாயிற்று. வளைவு அந்த ஒன்பது புள்ளிகள் வழியாகவும் தவறாமல் போக வேண்டும்.

புள்ளி ஒதுக்கீட்டுக்கு மூன்று கூட்டங்கள் பிடித்தன. பதவி உயரத்துக்கு ஏற்பப் புள்ளியும் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சறுக்கு என்பது கீழே போகிற பொருள் என்பதால், அதில் எல்லாருக்கும் உயர்வான இடம் தருவது சிரமமாக இருந்தது. நடுவில் ஐந்தாம் உறுப்பினருக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் புள்ளியை நான்கு சென்டிமீட்டர் தூக்கினார்கள். ஆறாம் உறுப்பினர்மேல் விசாரணை வந்தது. அவர் புள்ளியை இறக்கி வைத்தார்கள். ஏழாமவரும் எட்டாமவரும் ஒரே இடத்தைத்தான் கேட்டார்கள். அவள் இரண்டு புள்ளிகளையும் ஒரே இடத்தில் வைக்கப் பார்த்தபோது வரைபடம் முழுவதும் சிவப்பாகி, 'நிபந்தனைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன' என்று திரையில் எழுதிக் காட்டியது.

வாரியத்தைப் பார்த்து இதுவரை எவரும் அப்படிச் சொன்னதில்லை. ஏழு நாளில் விளக்கம் தரும்படி மென்பொருளுக்கு நோட்டீஸ் தயாரானது. அதை அவள் கணினியின் பக்கவாட்டில் ஒட்டினார்கள். ஏழு நாளில் பதில் வராததால், மென்பொருள் தன் தவறை ஒப்புக்கொண்டதாகக் கோப்பு மூடப்பட்டது. கணினியைப் பார்த்து அவளுக்கு முதல்முறையாக ஒரு உறவு முறை தோன்றியது.

எட்டாமவர் ஒரு கையளவு தள்ளிப் போகச் சம்மதித்தபின், ஒன்பது புள்ளிகளும் உட்கார்ந்தன. வளைவு அவற்றின் வழியாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. விக்கல் எடுத்த பாம்பு மாதிரி இருந்தது. ஆனால் மேலேயும் கீழேயும் நுனி ஒழுங்காகத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. தொடுகோடு நுனியை மட்டுந்தான் பார்க்கும். நடுவில் என்ன கூத்து நடந்தாலும் அதற்குச் சம்பந்தம் இல்லை. எல்லாக் கோடுகளும் கறுப்பாயின. அந்தக் கறுப்பைப் பார்த்துத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு முழுமையாக நிச்சயிக்கப்பட்ட ஒரு வளைவைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார்.

அந்த வாரமே டிரைவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் வேலைக்குத் திரும்பி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. புதிய சறுக்கின் திறப்பு நாளன்று புகார்தாரர் நேரில் வந்து, முதல் ஆளாகச் சறுக்கி, குறை தீர்ந்தது என்று சான்றளிக்க வேண்டும். வராவிட்டால் புகார் பொய்யென்று கருதப்பட்டு, அவரைப் பேருந்தில் அமர்த்துவது பற்றி மறுபரிசீலனை செய்யப்படும் என்று அதில் இருந்தது.

அவள் பையிலிருந்து வரைபடத்தின் நகலை எடுத்துச் சமையலறை மேசையில் விரித்தாள். அவர் விரலை வளைவின்மேல் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். விரல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் நின்றது.

"பஸ்ஸுல ஸ்பீட் பிரேக்கர் வந்தா பிரேக் போடுவேன். இதுல எதைப் போடறது?"

மகள் ஓடிப்போய் வட்டத் தலையணையை எடுத்துவந்து, இதை இடுப்பில் கட்டிக்கொண்டு சறுக்கலாமே அப்பா என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அது நல்ல யோசனையாகவே இருந்தது.

"உங்க ஆபீஸ் என்னை ரெண்டாவது தடவை தள்ளப் பாக்குது" என்றார் அவர். "நீ ஒரு வார்த்தை சொல்லேன். வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

அவள் அவரைப் பார்த்தாள். உட்காரும்போது நாற்காலியின் விளிம்பைக் கையால் தடவி, இடம் சரிபார்த்துவிட்டுத்தான் அவர் உட்காருகிறார் என்பதை அன்றுதான் கவனித்தாள். எப்போது பழகினாரோ.

அடுத்த கூட்டத்தில் அவள் பேசினாள். "இதுல சறுக்கினா அடிபடும் சார்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல அவள் இரண்டு நாள் தயார் செய்திருந்தாள்.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் கைகளைப் பிரித்து மறுபடி கோத்துக்கொண்டார். "நீங்க பேசுவீங்கன்னே எங்களுக்குத் தெரியாதும்மா. ரொம்ப சந்தோஷம். எல்லாரும் பேசணும். அதுக்குத்தான் கூட்டம். ஆனா பாருங்க, விதிப்படி ரெண்டு முனையும் தொட்டிருக்கு, ஒம்பது புள்ளியும் இருக்கு, எல்லாம் கறுப்பா இருக்கு. இதுக்கு மேலயும் ஒருத்தருக்கு அடிபட்டா, அது அவரு உட்கார்ற முறையில இருக்கற குறை."

உட்காரும் முறை பற்றி ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. குறிப்பில், 'வரைவாளர் பேசினார். கூட்டம் மகிழ்ச்சி தெரிவித்தது' என்று எழுதப்பட்டது. என்ன பேசினாள் என்பதற்குக் கட்டம் இல்லை.

அவள் தன் இடத்துக்குத் திரும்பி, நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நோட்டீஸ் காற்றில் படபடத்தது. சொன்னால் மகிழ்ச்சி, சொல்லாவிட்டால் சம்மதம். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால், சொல்லாமல் இருப்பதில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. இத்தனை வருடம் அதற்குள்ளேயே இருந்தும் அதன் அளவை எடுத்துப் பார்த்ததில்லை.

ஒன்பது புள்ளி வளைவைத் தேர்ந்தெடுத்தாள். 'துணைக்கோடாக மாற்று' என்ற வரியைச் சொடுக்கினாள்.

துணைக்கோடு என்பது வரைகிறவர் தன் வசதிக்குப் போட்டுக்கொள்வது. தாளில் விட்டுவிட்டுத் தெரியும். அதற்குப் புள்ளி உண்டு, அளவு உண்டு, மரியாதை எல்லாம் உண்டு. பட்டறை இயந்திரம் மட்டும் அதைப் பார்க்காது. வளைவு இருந்த இடத்திலேயே, ஒன்பது புள்ளிகளோடும், சின்னச் சின்னத் துண்டுகளாக மாறி நின்றது. அதன் ஊடே அவள் முதல்நாள் வரைந்த வளைவை மறுபடி வரைந்தாள். மேலே ஒரு தொடுகோடு. கீழே ஒரு தொடுகோடு. கறுப்பு.

இறுதி ஒப்புதல் கூட்டத்தில் வரைபடம் கைமாறிக்கொண்டே போனது. ஒவ்வொருவரும் முதலில் தன் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, பிறகு பக்கத்தில் இருப்பவரின் புள்ளி தன்னுடையதைவிடப் பெரிதாக இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கையெழுத்திட்டார்கள். தலைவரிடம் வந்தபோது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதென்னம்மா, நம்ம கோடு விட்டுவிட்டு வருது?"

பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அதற்கும் நிறையப் பேச வேண்டும். "அது துணைக்கோடு சார். மத்த கோடு அதைப் பாத்துதான் போகும்."

"வழிகாட்டி மாதிரி."

அவள் பேசாமல் இருந்தாள்.

"இத, இதத்தான் நான் முதல் நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று தலைவர் உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "நாம வேலை செய்யறவங்க இல்ல. வழிகாட்டறவங்க. பாருங்க, கோட்டுலயே அது தெரியுது. சரி, இந்த முழுக்கோடு எதுக்கு?"

"அது பட்டறைக்கு சார்."

"ஓ, பட்டறைக்கா" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் அதைப் பார்க்காமல் கையெழுத்திட்டார்.

பட்டறைக்காரர், தகடு வளைக்கும் இயந்திரத்தில் கோப்பை ஏற்றியபின் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். முப்பது வருடமாக நகராட்சிக்கு இரும்பு வளைக்கிறவர்; நிறையத் துணைக்கோடுகளைப் பார்த்தவர்.

"அம்மா, உள்ள ஒரு நெளிநெளிக் கோடு கிடக்கே. மெஷின் அதை எடுக்கல."

"எடுக்காது."

"தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு. வாரியமா?"

"ம்."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

திறப்பு நாளன்று பூங்காவில் ஒன்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சறுக்கு வெயிலில் பளபளத்தது; மேலிருந்து கீழே, ஒரு மூச்சு விட்ட மாதிரி இறங்கியது. தலைவர் அதன் பக்கத்தில் போய் நின்று, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, தகட்டைத் தடவினார். எட்டுகிற உயரத்தின் உச்சியில் கை நின்றது.

"இதோ, என்னோட புள்ளி. தொட்டுப் பாருங்க, இந்த இடத்துல ஒரு உறுதி தெரியும்."

எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். உறுதி தெரிந்தது. பிறகு ஆளாளுக்குத் தங்கள் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஏழாமவரும் எட்டாமவரும் மட்டும் ஒரே இடத்தில் கையை வைத்துக்கொண்டு, மற்றவர் எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

"அவங்க ஏம்மா அதைத் தடவிக் குடுக்கறாங்க?" என்று மகள் கேட்டாள்.

"தொலைச்சதைத் தேடறாங்க" என்றார் டிரைவர்.

அவருடைய பெயரை அழைத்தார்கள். அவர் படியேறினார். உச்சியில் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவள் சொல்லியிருந்தாள், எல்லாம் சொல்லித்தான் இருந்தாள். ஆனாலும் உடைந்த எலும்புக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. அவர் கீழே அவளைத் தேடினார். அவள் நின்ற இடத்திலிருந்து அசையாமல், பேசாமல், அவரையே பார்த்தாள். அவர் கையை விட்டார்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. மேலே இருந்தவர் கீழே இருந்தார். எழுந்து நின்று, பழக்கத்தில் கையைப் பின்னால் கொண்டுபோனார். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் கை திரும்பி வந்தது. அதற்குள் மகள் பாதிப் படி ஏறிவிட்டிருந்தாள்.

சான்றளிப்புப் படிவத்தை அவரிடம் நீட்டினார்கள். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'வாரியத்தின் அக்கறையை எந்தப் புள்ளியில் மிகவும் உணர்ந்தீர்கள்? ஒன்று முதல் ஒன்பது வரை எழுதவும்.' அவர் மனைவியைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். பொய் எழுதுகிற ஆளில்லை. 'எந்த இடத்திலும் ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்னால் மகள் மூன்றாவது முறை சறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வாரியம் அவசரமாகக் கூடியது. அறையில் ஒரு துக்கம் இருந்தது. இவ்வளவு உழைத்தும், ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்த மனிதருக்குத் தெரியவில்லையே என்று ஐந்தாமவர் தழுதழுத்தார். தலைவர் கோத்த கைகளைப் பிரித்தார்.

"தப்பு நம்மமேலதான்" என்றார். "ரொம்ப இதமா நடந்துக்கிட்டோம். ஜனங்களுக்கு நாம இருக்கறது உறைக்கணும்."

அடுத்த வேலை, மருத்துவமனைச் சாய்தளத்துக்கு ஒரு கைப்பிடி. அதில் உறுப்பினர்களின் புள்ளிகள் பிடிக்கிற கைக்கு நன்றாக உறைக்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. வாரியத்தை விரிவாக்கி மேலும் இருவரைச் சேர்ப்பதென்றும் முடிவானது. வரைவாளருக்கு இதில் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று தலைவர் அன்போடு கேட்டார்.

அவள் யோசித்தாள். ஒரு டீ குடித்துவிட்டு வருகிற நேரம் யோசித்தாள்.

'ஆமோதித்தார்' என்று குறிப்பில் எழுதினார்கள். அவள் தன் இடத்துக்குத் திரும்பி, கணினியைத் திறந்து, புதிய கோப்பில் முதலில் பதினொரு புள்ளிகளை வைத்தாள். துணைக்கோட்டில் எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு.